சிங்கப்பூர் வீட்டில் ஃபயர்ஃபிஷ் வளர்ப்பது: காலித் தொட்டியிலிருந்து சாப்பிடும் மீன் வரை

ஃபயர்ஃபிஷ் தெரியும்தானே? தலைப்பக்கம் வெளிர் வெள்ளை, வால்பக்கம் போகப் போகச் சிவப்பு, முதுகில் கொடிக்கம்பம் மாதிரி நீண்டு நிற்கும் ஒரு துடுப்பு. மற்ற கடல்மீன்களைப் பார்க்க விலை குறைவு, பெரிதாக வளராது, யாரையும் கடிக்காது. அதனால்தான் புதிதாகக் கடல்தொட்டி வைப்பவர்கள் பலரும் தொட்டி, உப்பு, மீன் எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த மீன் வீட்டில் சாவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். தொட்டி தயாராகும் முன்பே உள்ளே விட்டிருப்பார்கள், இல்லையென்றால் அது குதித்துத் தரையில் கிடந்திருக்கும். இரண்டையும் மீன் வருவதற்கு முன்பே தடுத்துவிடலாம். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மீன் வாங்குவது எட்டாவது படியில்தான் வருகிறது, தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறேன்.

1. மீனின் சுபாவம்

இந்தோ-பசிபிக் கடலின் பவளப்பாறைச் சரிவுகளில், தரையில் உள்ள ஒரு பொந்துக்கு மேலே மிதந்தபடி நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும். ஓட்டத்தில் வரும் மிகச்சிறிய மிதவை உயிரினங்களைக் கொத்தித் தின்னும். நிழல் விழுந்தால் போதும், சட்டென்று பொந்துக்குள் போய்விடும். முழு வளர்ச்சியில் 8, 9 செ.மீ. இருக்கும்.

வீட்டில் நாம் செய்யப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அதற்கு ஒளிய இடம் வேண்டும், சின்ன உணவு அடிக்கடி வேண்டும், மிரட்டும் மீன் பக்கத்தில் இருக்கக் கூடாது. மிரண்டு ஓடும்போது பொந்து கிடைக்காவிட்டால் மேலே பாயும். மேலே மூடி இல்லையென்றால் வெளியே.

ஊதா நிறத்தில் இன்னொரு வகையும் கடையில் இருக்கும். அது இன்னும் ஆழமான, குளிர்ந்த நீரில் வாழ்வது. நம் ஊர் வெயிலுக்கு முதல் மீனாக அது வேண்டாம்.

2. தொட்டியும் அதை வைக்கும் இடமும்

60×40×40 செ.மீ. தொட்டி எடுங்கள், அதாவது 96 லிட்டர். 75 லிட்டரிலும் வளர்க்கலாம் என்பார்கள், வளர்க்கலாம்தான். ஆனால் நீர் குறையக் குறைய ஒவ்வொரு சின்னத் தவறும் வேகமாகப் பெரிதாகிறது. மேசைமேல் வைக்கும் 20 லிட்டர் நானோ தொட்டி புதியவருக்கு எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுதான் கடினம்.

தண்ணீர், பாறை, மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 140, 150 கிலோ வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இதை அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள். ஸ்டாண்ட் எடையைத் தரையில் பரப்ப வேண்டும், நான்கு ஒல்லிக் கால்களில் நிற்கக் கூடாது. நான்கடித் தொட்டிக்கு ஆசைப்பட்டால் முதலில் தரை தாங்குமா என்று முறைப்படி விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

படுக்கையறை வேண்டாம். இரவெல்லாம் ஏர்கான் ஓடி 25 டிகிரி, பகலில் சன்னல் மூடிய அறையில் 31 டிகிரி, இப்படி தினமும் ஏறி இறங்குவது நிலையாக 28-இல் இருப்பதைவிட மோசம். வரவேற்பறையில், நேர் வெயில் படாத சுவர் சரியான இடம். சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாம்பிராணிப் புகை, ஊதுபத்திப் புகை, கொசுவர்த்திப் புகை எல்லாவற்றையும் காற்றுப் பம்பு இழுத்து நீருக்குள் விடும்.

மின்சாரம்: ஒவ்வொரு வயரும் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, அதன்பின் மேலே ஏறிப் பிளக்குக்குப் போக வேண்டும். வயர் வழியே வழியும் உப்புநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷனைத் தரையில் போடாமல் ஸ்டாண்டின் உள்பக்கத்தில் மேலே மாட்டுங்கள்.

3. மீனுக்கு முன் வாங்க வேண்டியவை

ஃபில்டர், நீரைச் சுழற்ற ஒரு சின்ன வேவ்மேக்கர், முடிந்தால் தொட்டியின் பின்பக்கம் மாட்டும் ஸ்கிம்மர் (நீரின் அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி), சாதாரண விளக்கு (பவளம் வளர்க்காவிட்டால் விலையுயர்ந்த விளக்கு வீண்), வெப்பமானி, ரிஃப்ராக்டோமீட்டர் (நீரின் உப்பளவைக் காட்டும் கருவி), அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைக் கிட், கடல் உப்பு, பாறை, அரகோனைட் மணல், வலைமூடி, விசிறி. உப்புநீருக்கென்று தனியாக இரண்டு வாளி. வீடு துடைக்கும் வாளியை எடுக்காதீர்கள், சோப்பின் மிச்சம் மீனுக்கு ஆகாது.

பணம் குறைவாக இருந்தால் விளக்கில் குறையுங்கள், ரிஃப்ராக்டோமீட்டரில் குறைக்காதீர்கள். ஊசி ஆடும் மலிவான பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் நல்ல தண்ணீரில் பூஜ்யம் பார்த்து விட்டுவிடாமல், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத்திரவம் என்று தனியாக விற்பதை ஒரு சொட்டு விட்டுச் சரிபாருங்கள். நாம் அளக்கப்போவது அந்த அளவைத்தானே.

ஹீட்டர் சாதாரண வீட்டில் தேவைப்படாது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பொருத்தினாலோ, ஏர்கான் அறையைத் தவிர வேறு இடமே இல்லாவிட்டாலோ மட்டும் வாங்குங்கள்.

4. சூடும் மூடியும்: இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தொட்டி வைப்பவர்கள் சிக்குவது இங்கேதான். குளிர்நாட்டுக்காரர்களுக்கு நீரைச் சூடாக்குவது கவலை, நமக்கு நேர் எதிர். பம்பும் விளக்கும் வெப்பத்தைக் கூட்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பிற்பகலில் தொட்டி 30, 31 டிகிரிக்குப் போய்விடும். ஃபயர்ஃபிஷுக்கு 24 முதல் 27 வரை நல்லது, 28 வரை பொறுத்துக்கொள்ளும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதே நேரத்தில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். இரண்டும் சேர்ந்து மீனைத் தளர்த்திவிடும், அப்புறம் எந்த நோயும் எளிதாகத் தொற்றும்.

மலிவான வழி, நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும் சின்ன விசிறி. நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும், 2 டிகிரி அளவுக்கு இறங்கும், நல்ல நாளில் 3. இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் வறண்ட ஊர்களில் இறங்குகிற அளவுக்கு இறங்காது. மழை பெய்து காற்று ஈரமாக நிற்கும் நாளில் விசிறி சும்மா சுற்றுவது போலவே தோன்றும், நல்லவேளையாக அன்றைக்குச் சூடும் குறைவாக இருக்கும்.

இங்கேதான் சிக்கல். விசிறிக்கு மேற்பரப்பு திறந்திருக்க வேண்டும், மீனுக்கோ மூடி வேண்டும். கண்ணாடியையோ அக்ரிலிக்கையோ போட்டு மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கும், விசிறிக் காற்றும் நீரைத் தொடாது. மூடி இல்லாமல் விட்டால் ஒருநாள் காலையில் மீன் சோபாவுக்குக் கீழே காய்ந்து கிடக்கும். இதற்கு விடை வலைமூடி. அலுமினியச் சட்டத்தில் மெல்லிய நைலான் வலை கட்டியது, 6 மி.மீ.க்கு மிகாத கண். தொட்டி அளவுக்கு வெட்டிச் செய்யும் கிட் கிடைக்கும். சன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் சொன்னாலும் செய்து தருவார், வலை உலோகமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்றில் துருவேறும்.

மூடி போட்டபின் ஒரு பென்சிலை எடுத்து ஓரமெல்லாம் நுழைத்துப் பாருங்கள். பென்சில் போகும் இடத்தில் ஃபயர்ஃபிஷும் போகும். குழாய், வயர், பின்பக்க ஃபில்டரின் வாய், இந்த மூன்று இடங்களில்தான் எப்போதும் இடைவெளி விட்டுப்போகும். நான் பார்த்தவரையில் மூடி இருந்தும் மீனை இழந்தவர்கள் எல்லோரும் இழந்தது பின்பக்க மூலையில்.

விசிறி போட்டும் 29-க்குக் கீழே வரவில்லை என்றால் சில்லர்தான். அதற்குச் சில நூறு வெள்ளி ஆகும், மின்கட்டணம் தனி. சில்லர் கக்கும் சூடான காற்று வெளியேற வழி வேண்டும். ஸ்டாண்ட் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்து நாளெல்லாம் நிற்காமல் ஓடும்.

விசிறியா, வலைமூடியா, சில்லரா என்பதைத் தொட்டியில் வெறும் நீர் இருக்கும்போதே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிற்பகல் 3 மணிக்கும் விடியற்காலையிலும் வெப்பத்தைக் குறித்துவையுங்கள். இரண்டுக்கும் இடையே 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.

5. தண்ணீரும் உப்பும்

நம் குழாய்நீரில் குளோராமின் இருக்கிறது. குளோரினாக இருந்தால் வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், குளோராமின் அப்படிப் போகாது. "ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் ஊற்றினேன்" என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் வாக்கியம். குழாய்நீர்தான் பயன்படுத்துவேன் என்றால் குளோராமினை முறிக்கும் மருந்து கட்டாயம், பாட்டிலில் அப்படி எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். குளோராமின் உடையும்போது அதிலுள்ள அமோனியா பிரியும். அதை மருந்து கட்டிப்போட்டாலும் சில சோதனைக் கிட்டுகள் அமோனியா இருப்பதாகவே காட்டும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு.

ஆர்.ஓ. டி.ஐ. நீர், அதாவது கரைந்திருப்பதையெல்லாம் வடிகட்டி எடுத்த சுத்த நீர், இதைவிட நல்லது. சொந்தமாக யூனிட் வாங்கலாம், சில கடல்மீன் கடைகளில் நீராகவும் விற்பார்கள். பேரங்காடி மினரல் வாட்டர் வேண்டாம், பெயரிலேயே கனிமம் இருக்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் போய்க் கடல்நீரை மொண்டு வரலாமே என்று ஒருவராவது கேட்பார். வேண்டாம். நம்மைச் சுற்றியுள்ள நீரின் உப்பு திறந்த கடலைவிடக் குறைவு, மழையில் இன்னும் குறையும், கப்பல் போக்குவரத்து வேறு. பாறையும் கரையிலிருந்து எடுத்து வரக் கூடாது.

உப்பு கலக்கும் முறை: நீரை முதலில் வாளியில் நிரப்பி, பம்பு ஓடவிட்டு, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின்மேல் நீரை ஊற்றினால் அடியில் அடர்த்தி ஏறிக் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும், திரும்பக் கரையாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கு, பாக்கெட்டில் உள்ள அளவையும் பாருங்கள். பாறை, மணல் போக உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 80 லிட்டர் நீர் நிற்கும், ஆகவே முதல் நிரப்புக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் இரவு சுழலவிட்டு அடுத்தநாள் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தால் ஒப்படர்த்தி 1.025 வர வேண்டும்.

6. பாறை முதலில், மணல் பிறகு

வாளியில் உப்பு கலந்து கொண்டிருக்கும்போதே பாறையை அடுக்கலாம். 10 கிலோ போதும். பாறையை வெறும் கண்ணாடி அடித்தளத்தில் உட்காரவையுங்கள், அதற்குப் பிறகு சுற்றிலும் 3 செ.மீ. மணல். மணல்மேல் பாறையை வைத்தால், மணல் நகரும்போது அடுக்கு சரியும், கண்ணாடியும் உடையலாம். மணலைத் தெளிவாகும் வரை அலசிவிட்டுப் போடுங்கள், போட்டபின் ஒருநாள் கலங்கல் இருக்கும், அது அடங்கிவிடும்.

அடுக்கும்போது விரல் நுழையும் அளவில் பொந்துகளை வெவ்வேறு பக்கம் விடுங்கள், மூன்று நான்கு இருக்கட்டும். ஒரே ஒரு பொந்து இருந்து அதை வேறு மீன் பிடித்துக்கொண்டால் ஃபயர்ஃபிஷுக்கு நாளெல்லாம் மூலைதான். பாறைக்குவியலைப் பின்கண்ணாடியோடு ஒட்டாமல் ஒரு கை போகும் அளவு தள்ளி வைத்தால் பின்னால் தேங்கும் அழுக்கை எடுக்கலாம், மீனுக்கும் ஓட ஒரு சந்து கிடைக்கும்.

7. தொட்டியை முதிரவிடுங்கள்

பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகும் படி. மீன் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் அமோனியா உண்டாகும், அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். புதுத்தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது, அதை நாம் வளர்த்தாக வேண்டும்.

அம்மோனியம் குளோரைடு திரவத்தை, அமோனியா சோதனை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) காட்டும்வரை விடுங்கள். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் வேகம் கூடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்துத் தாளில் எழுதுங்கள். முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். 3 முதல் 6 வாரம் பிடிக்கும். மறுபடி 2 பிபிஎம் அமோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்றால் தொட்டி தயார். அதன்பின் பாதி நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள்.

சிலர் மீனையே விட்டு, அதன் கழிவிலேயே பாக்டீரியா வளரட்டும் என்பார்கள். அந்த மீன் அத்தனை நாளும் தன் அமோனியாவையே சுவாசிக்கும், செவுள் புண்ணாகும். பிழைத்தாலும் முழுதாகத் தேறாது. வேண்டவே வேண்டாம்.

இடையில் மணலும் பாறையும் பழுப்பாகும். டயாட்டம் பாசி அது, பெரும்பாலும் எல்லாப் புதுத்தொட்டியிலும் வரும், சில வாரத்தில் தானே போகும். அதற்காகப் பாசிமருந்து ஊற்றுவதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவுவதும் நீங்கள் வளர்த்த பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

8. இப்போது மீன்

செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் போனால் ஒரே நடையில் பல கடை பார்க்கலாம். முதல் கடையிலேயே வாங்காதீர்கள். சரக்கு இறங்கிய அன்றைக்கும் வாங்காதீர்கள், கடையில் ஒரு வாரமாவது இருந்த மீனாகப் பாருங்கள். பயணத்தில் அடிபட்ட மீன் அதற்குள் தன் நிலையைக் காட்டிவிடும்.

"அங்கிள், கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், தமிழோ மலாயோ ஆங்கிலமோ, எல்லாக் கடல்மீன் கடைக்காரர்களுக்கும் பழகிய கேள்விதான். தீனிக்கு முன்னே வருகிற மீனை எடுங்கள். முதுகுத்துடுப்பை நிமிர்த்தி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். வயிறு உள்வாங்கி இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடலில் உப்புத்தூள் தெளித்தது போலப் புள்ளியோ மாவு படிந்தது போல மங்கலோ இருந்தாலோ விட்டுவிடுங்கள். அதே தொட்டியில் வேறு மீன் செத்துக் கிடந்தால் அந்தத் தொட்டியிலிருந்தே எதுவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் வாங்குங்கள். "தனியாக இருந்தால் பாவம்" என்று இரண்டு வாங்குவது இந்த மீனில் பெரும்பிழை. ஏற்கெனவே இணைந்த ஜோடியாக இல்லாவிட்டால் பலமானது மற்றதைத் துரத்தும், துரத்தப்படுவது கடைசியில் மூடியில் மோதிக்கொண்டே இருக்கும். அமைதியான மீன் என்பது மற்ற இனங்களிடம்தான், தன் இனத்திடம் இல்லை.

கடையின் நீரில் உப்பு எவ்வளவு என்றும் கேட்டு வாருங்கள். ஒட்டுண்ணியைக் குறைக்க சில கடைகள் 1.020 அளவில், அதற்கும் கீழேகூட வைத்திருப்பார்கள். பையை ஏர்கான் பேருந்திலும் எம்ஆர்டியிலும் கொண்டு வருவதானால் குளிர்காப்புப் பையில் வையுங்கள். நீர் குளிராது, உள்ளே இருட்டாக இருப்பதால் மீனும் அடங்கியிருக்கும்.

9. தனித்தொட்டியில் நான்கு வாரம்

இதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள், இன்னொரு தொட்டியா என்று. 25, 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. அந்த ஸ்பாஞ்சைத் தொட்டி முதிரும் வாரங்களில் பெரிய தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். ஒளிய, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி எல்போ (வளைந்த குழாய்த்துண்டு) இரண்டு. பாறை வேண்டாம், மணல் வேண்டாம். மூடி? கட்டாயம் வேண்டும். பெரிய தொட்டிக்கு வலை கட்டிவிட்டுத் தனித்தொட்டியைத் திறந்து வைத்து மீனை இழந்தவர்களை எண்ணிச் சலித்துவிட்டேன்.

காரணம் இதுதான். வெள்ளைப்புள்ளி நோயும் வெல்வெட் நோயும் கண்ணுக்குத் தெரியாமல் மீனோடு வந்துவிடும். செம்பு மருந்துதான் வழக்கமான சிகிச்சை, ஆனால் செம்பு இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும், பாறையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே பெரிய தொட்டியில் செம்பு விடவே முடியாது. நோய் உள்ளே வந்துவிட்டால் மீனையெல்லாம் வெளியே எடுத்துத் தொட்டியை வாரக்கணக்கில் மீனில்லாமல் ஓடவிட வேண்டும், வெள்ளைப்புள்ளிக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 76 நாள்.

நோய்க்குறி இல்லாவிட்டால் மருந்து விடாமல் கவனித்தாலே போதும். புள்ளி வந்தாலோ, வெல்வெட் போல மாவு படிந்து மூச்சு வாங்கினாலோ தாமதிக்காதீர்கள், வெல்வெட் ஓரிரு நாளில் கொன்றுவிடும். செம்பை மருந்துப் பாட்டிலில் உள்ள அளவுக்கு ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றி, செம்புச் சோதனைக் கிட்டால் அளந்துகொண்டே இருங்கள். இந்தப் பெட்டியின் நீர் சின்ன அளவு, அமோனியாவையும் தினமும் பாருங்கள்.

10. நீருக்குப் பழக்குவது

கடையிலிருந்து தனித்தொட்டிக்கு வரும்போதும், அங்கிருந்து பெரிய தொட்டிக்குப் போகும்போதும் இதே முறைதான்.

விளக்கை அணைத்துவிட்டு, மூடிய பையை 15, 20 நிமிடம் தொட்டிநீரில் மிதக்கவிடுங்கள், வெப்பம் சமமாகும். பிறகு பையின் நீரோடு மீனைச் சின்ன வாளியில் விட்டு, காற்றுக்குழாயால் தொட்டிநீரை நொடிக்கு 2, 3 சொட்டு விழும்படி இறக்குங்கள். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். உள்ளூர்க் கடையிலிருந்து வந்த மீனுக்கு 30 முதல் 45 நிமிடம். உப்பளவு தொட்டியோடு பொருந்தியதா என்று அளந்து பார்த்து நிறுத்துங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சொட்டை நீட்டிக்கொண்டே போகாமல், தனித்தொட்டியைக் கடையின் அளவுக்கே வைத்துத் தொடங்கி, சில நாளில் மெல்ல உயர்த்துவது மேல்.

இரண்டு மணி நேரம் சொட்டவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். மூடிய பையில் மீன் விட்ட கரியமிலவாயு நீரின் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவைக் குறைத்து வைத்திருக்கும், அந்த நிலையில் அமோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அமோனியா நஞ்சாக மாறும். திறந்தபின் நேரத்தை இழுப்பது மீனுக்குத்தான் ஆபத்து.

கடைசியில் மீனை மட்டும் சின்னப் பாத்திரத்தால் எடுத்து விடுங்கள். பையின் நீர் சாக்கடைக்குப் போகட்டும். மூடியை உடனே போடுங்கள், முதல் இரவுதான் அதிகம் குதிக்கும்.

அடுத்த இரண்டு மூன்று நாள் மீனைக் காணவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பொந்துக்குள் இருக்கும். பாறையைப் பிரித்துத் தேடினால் இன்னும் ஒரு வாரம் வெளியே வராது. தொட்டி விளக்கு அணையும்போது அறை விளக்கு கொஞ்ச நேரம் எரியட்டும், திடீர் இருட்டிலும் மிரளும்.

11. சாப்பாடு

வாய் சின்னது, உணவும் சின்னதாக இருக்க வேண்டும். உறையவைத்த மைசிஸ் இறால், பிரைன் இறால், நுண்ணிய பெல்லெட். உறைந்த கட்டியைக் கொஞ்சம் தொட்டிநீரில் கரையவிட்டு, அந்த நீரை வடித்துவிட்டு இறாலை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் பாசிக்குத்தான் உணவு போடுகிறீர்கள்.

நாளுக்கு ஒருமுறை நிறையப் போடுவதை விட, காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை, முடிந்தால் நடுவில் ஒன்று. ஓட்டத்தில் மிதந்து வருவதைத்தான் கொத்தும், தரையில் விழுந்ததைப் பெரும்பாலும் தேடிப் போகாது. அதனால் வேவ்மேக்கருக்கு முன்னால் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடியாத அளவு அதிகம். முதல் இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பிரைன் இறாலில் தொடங்குங்கள், பெல்லெட்டைப் பிறகு பழக்கலாம்.

12. கூட்டுக்கு யார்

ஃபயர்ஃபிஷ் முதலில் போக வேண்டும், துடுக்கான மீன் கடைசியில். முதலில் வந்த மீன் இடம்பிடித்துக்கொள்ளும், ஃபயர்ஃபிஷ் கடைசியில் வந்தால் அதற்கு மிச்சம் இருப்பது மூலைதான்.

பைஜாமா கார்டினல், டெயில்ஸ்பாட் பிளென்னி, வாட்ச்மேன் கோபி, கிளீனர் இறால் எல்லாம் ஒத்துப்போகும். ஓசெல்லாரிஸ் கிளவுன்மீன் ஒரு ஜோடி சரி, அவை வளர்ந்தபின் தங்கள் மூலையைக் காவல் காக்கும், அதற்கு இடம் கொடுங்கள். டாட்டிபேக், டாம்செல், சிக்ஸ்லைன் ராஸ் மூன்றும் வேண்டாம், அளவில் சின்னதாக இருந்தாலும் நாளெல்லாம் துரத்தும். லயன்ஃபிஷ், ட்ரிகர் போன்றவை இதைத் தின்றே விடும். 96 லிட்டரில் மொத்தம் நான்கு சின்ன மீன்களோடு நிறுத்துங்கள்.

13. வாரவேலை

விசிறி ஓடினால் நாளுக்கு ஒரு லிட்டர் அளவில் ஆவியாகும், சில நாள் அதற்கு மேலும். ஆவியாவது நீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் தினமும் நிரப்புவது நன்னீரால், உப்புநீரால் இல்லை. இதை மாற்றிச் செய்பவர்களின் தொட்டியில் உப்பு வாரா வாரம் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள்.

அந்த நன்னீரை வைத்திருக்கும் வாளிக்கு இறுக்கமான மூடி கட்டாயம். திறந்த நன்னீர் வாளி ஏடிஸ் கொசுவுக்கு நல்ல இடம், தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டைச் சோதிக்க வந்தால் முதலில் பார்ப்பதும் இந்த மாதிரி வாளியைத்தான்.

வாரத்துக்கு 10 விழுக்காடு நீர் மாற்றுங்கள், அதாவது 8 லிட்டர், முந்தைய நாளே கலந்து வைத்தது. ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்புநீரில் அலசுங்கள், குழாய்நீரில் அல்ல. குளோராமின் பஞ்சிலுள்ள பாக்டீரியாவைக் கொல்லும். நைட்ரேட் 20 பிபிஎம்-க்குக் கீழே இருக்கட்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று, கொசுப்புகை. லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டியிருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சிமருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. சன்னல்களை மூடி, தொட்டிமேல் ஈரத்துணி போர்த்தி, காற்றுப் பம்பை நிறுத்தி வையுங்கள், வேவ்மேக்கர் ஓடட்டும். புகை அடங்கியதும் துணியை எடுத்துவிட்டுப் ஃபில்டரில் புதுக் கார்பன் (நஞ்சை உறிஞ்சும் கரி) போடுங்கள்.

14. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ இரண்டு வாரம் இந்தியா போகிறீர்கள் என்றால் ஏற்பாட்டை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தானாக நன்னீர் நிரப்பும் கருவி, பெல்லெட் போடும் தானியங்கி, இரண்டையும் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் ஈரக்காற்றில் பெல்லெட் நமத்துப்போய்த் தானியங்கியின் வாயில் அடைத்துக்கொள்வது சகஜம், அதற்குள் காற்று ஊதும் வகை இருந்தால் நல்லது. மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று மாட்டி வையுங்கள். வீட்டில் ஆளில்லாமல் ஆர்சிசிபி (மின்கசிவில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிட்டால் அந்த ஒன்றுதான் தொட்டியில் ஓடும்.

சாவியை நம்பிக் கொடுக்கும் பக்கத்துவீட்டு அக்காவிடமோ மச்சானிடமோ உணவு டப்பாவையே கொடுத்துவிடாதீர்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நாள்கணக்கில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதி, மிச்சத்தைப் பூட்டி வையுங்கள். வலைமூடியின் எந்தப் பக்கத்தைத் திறந்து உணவு போடுவது, எப்படித் திரும்ப மூடுவது என்பதை அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.

வளர்க்கவே முடியாத நிலை வந்தால் வாங்கிய கடையிலோ வேறு கடல்தொட்டிக்காரரிடமோ கொடுங்கள். கடலிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது இங்கே சட்டப்படி குற்றம், நீர்த்தேக்கத்தில் விட்டால் நன்னீரில் துடித்துச் சாகும்.